நீர் புகும் படலம் இரும்பைக் காப்பது எப்படி? மின்படிவுப் பூச்சை முன்வைத்து ஓர் ஆய்வு

காரின் உடற்கூட்டுக்கும் டிராக்டரின் சட்டகத்துக்கும் இடப்படும் மின்படிவு அடிப்பூச்சின் தடிமன் பெரும்பாலும் 15 முதல் 25 மைக்ரான் வரை. அந்தப் படலத்தின் ஊடாக நீரும் ஆக்சிஜனும் நுழைகின்றன என்பது ஆய்வாளர்களுக்கு 70 ஆண்டுகளாகத் தெரியும். துருப்பிடிக்கத் தேவையானவை இரண்டும் உள்ளே வந்தபின்னும் இரும்பு ஆண்டுக்கணக்கில் துருப்பிடிக்காமல் இருப்பது ஏன்?

இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. படலம் ஒரு மூடி என்பது ஒரு விடை. மின்தடை என்பது இன்னொன்று. உலோகத்தோடு விடாமல் ஒட்டியிருப்பதே காப்பு என்பது மூன்றாவது. அடியில் இருக்கும் பாஸ்பேட்டும் படலத்துக்குள் இருக்கும் தடுப்பான்களும்தான் உண்மையில் வேலை செய்கின்றன என்பது நான்காவது. தூரிகையாலும் ஸ்பிரேயாலும் அடிக்கப்பட்ட பெயின்டை வைத்தே இந்த விவாதம் தொடங்கியது. மின்சாரத்தால் பெயின்டைப் படியவைக்கும் முறை 1960களில் தொழிற்சாலைக்குள் வந்ததும் ஒவ்வொரு விடையும் புதிதாகச் சோதனைக்கு உள்ளானது. இதே முறை, ஏறத்தாழ இதே தடிமன், ஆனால் மின்முனையை மாற்றியதும் காப்பில் பெரிய வேறுபாடு. பழைய விடைகளில் எது நிற்கும், எது நிற்காது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல களம் அமைவது அரிது.

மூடி என்ற பழைய விடை

பெயின்ட் நீரையும் காற்றையும் தடுக்கிறது என்பது பொதுப்புத்தி சொல்லும் விளக்கம். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜே. இ. ஓ. மெய்ன் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். பூச்சில்லாத இரும்பு வெளியில் கிடந்து துருப்பிடிக்கும்போது எவ்வளவு நீரும் ஆக்சிஜனும் செலவாகின்றன, ஒரு பெயின்ட் படலத்தின் வழியே அதே காலத்தில் எவ்வளவு ஊடுருவுகின்றன என்று ஒப்பிட்டார். நீர் தேவைக்கு மேலேயே ஊடுருவியது. ஆக்சிஜனும் பல படலங்களில் தேவைக்குக் குறையாத அளவில் வந்து சேர்ந்தது. மூடி என்ற விளக்கம் போதாது என்பது அவர் முடிவு.

அந்த முடிவு எதிர்ப்பில்லாமல் ஏற்கப்படவில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் பூச்சு ஆய்வுகளில் பங்காற்றிய எஸ். குருவையா 1970இல் வெளியிட்ட அளவீடுகளில், படலத்தின் ஆக்சிஜன் ஊடுருவலுக்கும் அடியில் நடக்கும் அரிப்புக்கும் தொடர்பு தெரிந்தது. 1970களின் நடுவில் ஜெர்மனியில் வெர்னர் ஃபுங்கேவின் குழுவும், ஆக்சிஜன் வரத்து சில படலங்களில் அரிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்குக் குறைவாக இருக்கலாம் என்று வாதிட்டது. ஆக, நீரைப் பற்றி மெய்ன் சொன்னது நிற்கிறது. ஆக்சிஜனைப் பற்றிச் சொன்னது படலத்துக்குப் படலம் மாறுகிறது.

மின்படிவுப் பூச்சுக்கு இந்த விளக்கத்தைப் பொருத்தினால் அதன் போதாமை இன்னும் துலங்கும். ஒரே பொருளாலான படலத்தில் ஊடுருவல் தடிமனுக்கு எதிர்விகிதத்தில் அமையும். மூடுவதே முதன்மை வேலையானால் 60, 70 மைக்ரான் அல்கைடு பிரைமர், 20 மைக்ரான் மின்படிவுப் படலத்தை எளிதாக வென்றிருக்க வேண்டும். உப்பு நீரில் கீறல் விட்டுச் சோதிக்கும்போது நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. இறுக்கமாகக் குறுக்குப் பிணைப்புற்ற எபாக்சி, அல்கைடைவிட ஊடுருவலைக் குறைக்கிறது என்பது மெய்யே. ஆனால் கீறலிலிருந்து பக்கவாட்டில் துரு பரவுவதில் காணும் வேறுபாட்டுக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கீறலில் மூடியே இல்லையே.

மின்தடை என்ற விடை

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்வு. இரும்பு கரையும் ஆனோடு ஓரிடம், ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கும் கேத்தோடு இன்னோரிடம். இரண்டுக்கும் இடையே உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஓடும். வெளியே அயனிகள் ஓடியாக வேண்டும். அயனிகளின் பாதையை அடைத்தால் நீரும் ஆக்சிஜனும் இருந்தும் பயனில்லை. படலம் காப்பது இப்படித்தான் என்றார் மெய்ன்.

இதற்கான அடிப்படைத் தரவு 1948இலேயே வெளிவந்திருந்தது. பேக்கன், ஸ்மித், ரக் ஆகிய மூவர் உப்பு நீரில் மூழ்கிய நூற்றுக்கணக்கான பூச்சுகளின் மின்தடையை அளந்தனர். சதுர சென்டிமீட்டர் அளவில் 10 கோடி ஓமுக்கு மேல் தடையைத் தக்கவைத்தவை நன்கு காத்தன. 10 லட்சம் ஓமுக்குக் கீழே இறங்கியவை காக்கவில்லை. இன்றும் பூச்சு ஆய்வகங்களில் மாறுமின் தடையளவீடு செய்பவர்கள் இந்த இரண்டு எல்லைகளையும் மனத்தில் வைத்தே வரைபடத்தைப் படிக்கிறார்கள்.

பின்னர் மெய்னும் மெய்ட்லாண்டும் 1962இல் இன்னொரு நுட்பத்தைக் கண்டனர். ஒரே படலத்திலிருந்து வெட்டிய சிறு துண்டுகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. சில துண்டுகளின் தடை, வெளியே இருக்கும் உப்புக் கரைசலின் தடையைப் பின்பற்றி ஏறி இறங்கியது. மற்றவை அதற்கு எதிராக நடந்தன. முதல் வகைப் பகுதிகளில் பிணைப்பு அடர்த்தி குறைவு. துரு அங்கேதான் தொடங்குகிறது என்று அவர்கள் கருதினர். படலம் முழுவதற்குமான சராசரித் தடை நம்மை ஏமாற்றக்கூடும் என்பது இதிலிருந்து கிடைக்கும் எச்சரிக்கை.

இந்த விடைக்கும் ஒரு குறை உண்டு. தடை விழுவது துருவுக்குக் காரணமா, அல்லது துரு தொடங்கிவிட்டதன் விளைவா என்பதை அளவீடு மட்டும் பிரித்துச் சொல்லாது. கீறல் விழுந்த பூச்சைப் பற்றியும் அது அதிகம் பேசுவதில்லை.

மின்சாரத்தால் பெயின்ட் படிவது எப்படி

அடுத்த விடைக்குப் போகும்முன் படலம் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். காப்பைப் பற்றிய விவாதத்தில் பாதி, படலம் பிறக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களைப் பற்றியது.

நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் மின்புலத்தில் நகர்வதை மாஸ்கோவில் ஃபெர்டினான்ட் ராய்ஸ் 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே கண்டார். பூச்சுப் பொருளை மின்சாரத்தால் படியவைக்கும் காப்புரிமை 1910களின் பிற்பகுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ரப்பர் பாலை இப்படிப் படியவைப்பது 1920களில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இன்றைய வடிவம் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் தலைமையில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது. கார் உடற்கூட்டுக்கான முதல் வணிகத் தொட்டி 1963இல் இயங்கத் தொடங்கியது.

அவர்களைத் தூண்டியது ஒரு நடைமுறைச் சிக்கல். அதுவரை உடற்கூட்டைக் கரைப்பான் கலந்த பெயின்ட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அது எளிதில் தீப்பற்றும். அதோடு, அடுப்பில் சூடேறும்போது மூடிய அறைகளுக்குள் கரைப்பான் ஆவியாகி, மேலே குளிர்ந்து வடிந்து, அங்கே ஒட்டியிருந்த பெயின்டையே கழுவிவிடும். கதவின் அடிப்பகுதி, வாசற்படிக்குக் கீழுள்ள பெட்டி போன்ற பகுதி எல்லாம் உள்ளிருந்து துருப்பிடித்தன. குளிர்நாடுகளின் சாலைகளில் பனியை உருக்க உப்புக் கொட்டும் வழக்கம் பெருகிய காலம் அது.

மின்படிவுத் தொட்டியில் இருப்பது பெரும்பகுதி அயனி நீக்கிய நீர். 15 முதல் 20 சதவீதம் வரைதான் திடப்பொருள். இன்று மிகுதியாகப் புழங்கும் கேத்தோடு முறையில் பிசின் எபாக்சியும் அமீனும் சேர்ந்தது. அமிலம் சேர்த்து அமீனுக்கு நேர்மின்னேற்றம் தருவதால் அது நீரில் மிதந்து நிற்கிறது. பொருளைக் கேத்தோடாக வைத்து 200 முதல் 400 வோல்ட் வரை நேர்மின்சாரம் செலுத்தினால் பெயின்ட் அதன்மேல் படிகிறது.

எப்படிப் படிகிறது? தொடக்கத்தில் தந்த விடை, துகள்கள் மின்புலத்தால் இழுக்கப்பட்டு வந்து ஒட்டுகின்றன என்பது. கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. தொட்டியில் மின்முனைகளுக்கு இடையே 50 சென்டிமீட்டர், 250 வோல்ட் என்று கொண்டால் மின்புலம் சென்டிமீட்டருக்கு 5 வோல்ட். இப்படிப்பட்ட துகள்கள் அந்தப் புலத்தில் நொடிக்குச் சில மைக்ரான் மட்டுமே நகரும். பெயின்ட் அடியில் தங்காமல் இருக்கத் தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், நீரோட்டம் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாகத் துகள்களைக் கொண்டுபோகிறது. துகளைப் பொருளின் அருகே கொண்டுவருவது முதன்மையாக நீரோட்டமே.

வந்த துகளை நிறுத்திவைப்பது வேதியியல். கேத்தோடில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. ஹைட்ராக்சைடு அயனிகள் மிஞ்சுகின்றன. தொட்டியின் பி.எச். 6ஐ ஒட்டி இருக்க, உலோகப் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் அது 12ஐத் தொடுகிறது. அந்தக் காரம் அமீனின் மின்னேற்றத்தைப் பறிக்கிறது; நீரில் நிற்க வழியற்ற பிசின் திரண்டு படிகிறது. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் இருந்த ஃப்ரிட்ஸ் பெக் இந்தத் திரள்தல் கொள்கைக்கு எண்வடிவம் கொடுத்தார்: ஒரு குறிப்பிட்ட மின்னோட்ட அடர்த்திக்குக் கீழே, ஹைட்ராக்சைடு சேர்வதைவிடக் கலைந்து போவது மிகும், பெயின்ட் படியாது. அந்த அளவைத் தாண்டியபின்னும் சிறிது நேரம் கழித்தே படிவு தொடங்கும். இரண்டும் சோதனைகளில் உறுதிப்பட்டிருக்கின்றன.

மின்முலாமோடு இதை ஒப்பிட்டால் வேறுபாட்டின் அளவு தெரியும். ஒரு கூலூம் மின்சாரம் 0.33 மில்லிகிராம் செம்பைப் படியவைக்கும். அதே கூலூம் பெயின்டை 20 முதல் 40 மில்லிகிராம் வரை படியவைக்கும். பெயின்ட் மூலக்கூறு ஒவ்வொன்றும் எலக்ட்ரானை வாங்க வேண்டியதில்லை. சில மின்னேற்றங்கள் நடுநிலையானால் பெருமூலக்கூறு முழுவதும் விழுந்துவிடுகிறது.

படிந்த ஈரப் படலம் மின்சாரத்தைத் தடுக்கிறது. தடிமன் ஏற ஏற அங்கே மின்னோட்டம் குறைகிறது. இன்னும் படியாத இடத்துக்கு, வெளிப்பரப்பிலிருந்து உட்குழிவுக்கு, அது திரும்புகிறது. மின்புலமே படலத்திலிருந்து நீரைப் பிழிந்தும் எடுப்பதால், தொட்டியிலிருந்து வெளிவந்த பொருளை நீரால் கழுவினாலும் படலம் போகாது. இந்த உட்புகும் திறன்தான் மின்படிவுப் பூச்சின் தனிச்சிறப்பு. ஸ்பிரே துப்பாக்கி எட்டாத பெட்டியறைக்குள் பெயின்ட் தானே போய்ச் சேர்கிறது. கழுவிய நீரிலிருந்து பெயின்டை மீட்டுத் தொட்டிக்கே அனுப்பும் நுண்வடிகட்டல் 1960களின் இறுதியில் சேர்ந்தபின், வீணாகும் பெயின்ட் மிகக் குறைந்தது.

ஆனோடிலிருந்து கேத்தோடுக்கு

1963இன் தொட்டியில் பொருள் ஆனோடாக இருந்தது. பிசினில் கார்பாக்சில் அமிலத் தொகுதிகள். அவற்றை அமீனாலோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடாலோ நடுநிலையாக்கி நீரில் மிதக்கவிட்டனர். ஆனோடில் அமிலம் உண்டாகி அவற்றைத் திரளச் செய்யும். முறை வேலை செய்தது. ஆனால் ஆனோடில் இரும்பும் சிறிது கரையும். கரைந்த இரும்பு படலத்துக்குள் சிக்கிக் கறையாகும். அடியில் இட்ட பாஸ்பேட்டின் ஒரு பகுதியும் அமிலத்தில் கரைந்துவிடும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பி.பி.ஜி. நிறுவனம் கேத்தோடு முறையை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. 1970களின் நடுவில் அது கார்களுக்கு வந்தது; அடுத்த பத்தாண்டில் கார் உடற்கூட்டில் ஆனோடு முறை ஏறக்குறைய மறைந்தேபோனது. இன்று அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் ஜாப் ஒர்க் கூடங்களில் சி.இ.டி. கோட்டிங் என்று சொல்வது இதைத்தான்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? முதலில் சொல்லப்பட்ட காரணம், கேத்தோடில் இரும்பு கரைவதில்லை என்பது. உண்மைதான்; பாதி உண்மை. இரண்டு படலங்களையும் உப்பு நீரில் இட்டால், படிவு முடிந்து அடுப்பில் வெந்து நெடுநாள் ஆன பிறகும் வேறுபாடு தொடர்கிறது. அதற்கான காரணத்தைப் படலத்தின் வேதியியலில் தேட வேண்டும்.

துரு பரவும்போது கீறலில் இரும்பு கரைகிறது. அதை ஒட்டிய பூச்சின் அடியில் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கி ஹைட்ராக்சைடாகிறது. அதாவது, பூச்சின் விளிம்புக்கு அடியில் காரம் சேர்கிறது. ஆனோடுப் படலத்தில் இருப்பவை அமிலத் தொகுதிகள். காரம் பட்டால் அவை மீண்டும் நீரை விரும்பத் தொடங்கும். பல பழைய பிசின்களில் எஸ்டர் பிணைப்புகளும் இருந்தன. காரம் அவற்றை அறுத்துவிடும். கேத்தோடுப் படலத்தின் எபாக்சி–அமீன் அமைப்பு காரத்தில் அசையாது. பி.எச். 12இல் பிறந்த படலம் அது. பிறக்கும்போதே காரத்தில் கரையாமல் திரளும் பிசினாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பிற்காலக் காப்புக்குத் தேவையான அதே பண்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. திட்டமிட்டு நடந்ததைவிட முறையின் தேவையால் விளைந்த பேறு இது என்றே தோன்றுகிறது.

ஒட்டுதலே காப்பு

காரத்தைப் பற்றிய இந்தக் கருத்து மின்படிவுப் பூச்சுக்கு முந்தியது. பெயின்ட் அடியில் சேரும் காரம் அதை உரித்தெடுப்பதைக் கேம்பிரிட்ஜின் யுலிக் எவன்ஸ் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே காட்டியிருந்தார். 1980களில் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஹென்றி லைட்ஹைசர் இதைக் கேத்தோடு உரிதல் என்ற தனி ஆய்வுப் பொருளாக வளர்த்தார். உலர்ந்த நிலையில் எவ்வளவு ஒட்டுகிறது என்பது முக்கியமல்ல, நீர் உள்ளே வந்தபின் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்று ஃபுங்கே வலியுறுத்தினார்.

1990களில் மார்ட்டின் ஸ்ட்ராட்மனின் குழு, கெல்வின் ஆய்வுமுனையைக் கொண்டு பூச்சுக்கு மேலிருந்தே அடியிலுள்ள மின்னழுத்தத்தை அளந்தது. உரிதலின் முனை நகர்வதைப் பூச்சை அகற்றாமலே முதல்முறையாகப் பின்தொடர முடிந்தது. அதில் தெரிந்தது: உரிதலின் வேகத்தை, எல்லைப்பரப்பு நெடுகச் சோடியம், பொட்டாசியம் போன்ற நேரயனிகள் நகரும் வேகம் கட்டுப்படுத்துகிறது. கரைசலில் லித்தியத்துக்குப் பதில் பொட்டாசியத்தை வைத்தால் உரிதல் வேகமாகிறது. நீரில் அந்த அயனிகளின் இயக்க வரிசையும் அதுவே.

இந்த ஆய்வுகள் மெய்னின் மின்தடைக் கொள்கையைத் தள்ளிவிடவில்லை. அதை இடம் மாற்றி வைத்தன. தடுக்கப்பட வேண்டிய அயனிப் பாதை, படலத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக மட்டும் இல்லை. படலத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே பக்கவாட்டிலும் இருக்கிறது. கேத்தோடு முறையின் வெற்றியை விளக்குவதில் மற்ற எந்த விடையைவிடவும் இது வலுவாக நிற்கிறது என்பது என் மதிப்பீடு. ஆனாலும் அந்த அளவீடுகளில் பல, வழவழப்பான இரும்பின்மேல் இட்ட எளிய மாதிரிப் பூச்சுகளில் செய்யப்பட்டவை. பாஸ்பேட் படிகமும் நிறமியும் குறுக்குப் பிணைப்பும் சேர்ந்த தொழிற்சாலைப் படலத்துக்கு எண்களை அப்படியே கொண்டுவர முடியாது.

அடியில் இருப்பதும் உள்ளே இருப்பதும்

மின்படிவுப் பூச்சு வெறும் இரும்பின்மேல் விழுவதில்லை. அதற்கு முன் எண்ணெய் நீக்கல், கழுவல், துத்தநாக பாஸ்பேட் இடுதல் என்று பல தொட்டிகளைப் பொருள் கடந்து வரும். தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் காப்புரிமை பெற்ற பாஸ்பேட் முறையின் வழித்தோன்றல் இது. நிக்கலும் மாங்கனீசும் சேர்ந்த இன்றைய வடிவத்தில் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் நுண்படிகங்களாகப் படிகிறது. ஸ்பிரேக்குப் பதில் முக்கி எடுக்கும் முறையில், இரும்பும் கலந்த பாஸ்பேட் படிகம் மிகுதியாக உண்டாகும். காரத்தைத் தாங்குவதில் அது மேல் என்பதால் கேத்தோடுப் பூச்சோடு அது நன்றாகப் பொருந்தியது.

இங்கேதான் நான்காம் விடையின் ஆதரவாளர்கள் பேசுகிறார்கள். நல்ல பாஸ்பேட் இல்லாமல் கேத்தோடுப் பூச்சின் பெருமை பாதி குறையும் என்பது அவர்கள் வாதம். சோதனைகள் இதைப் பெரிதும் ஆதரிக்கின்றன. படலத்துக்குள் இருந்த ஈயச் சேர்மங்களும் இதே திசையைக் காட்டின. சுத்தம் குறைந்த, பாஸ்பேட் சரியாகப் படியாத இரும்பில்கூட அவை காப்பைத் தாங்கிப் பிடித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய பழைய வாகனங்கள் பற்றிய ஆணை, 2003 ஜூலை முதல் வாகனங்களில் ஈயத்தையும் ஆறிணைதிறன் குரோமியத்தையும் சில விலக்குகளோடு தடை செய்தது. அதற்கு முன்பே இட்ரியம், பிஸ்மத் சேர்மங்கள் ஈயத்தின் இடத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. ஈயம் போனபின்னும் பூச்சு காத்தது. தடுப்பானே முதற்காரணம் என்ற தூய வடிவத்துக்கு இது எதிர்ச்சான்று. துணைக்காரணம் என்ற மிதமான வடிவம் இன்னும் நிற்கிறது.

2000களின் நடுவிலிருந்து பாஸ்பேட்டுக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு படலம் பரவி வருகிறது. தடிமன் பத்து முதல் நூறு நானோமீட்டர் அளவில்தான். நிக்கல் வேண்டாம், சூடேற்ற வேண்டாம், சேறும் குறைவு. ஆனால் பாஸ்பேட் படிகம் தந்த கூடுதல் மின்தடை போய்விட்டதால் பெயின்டின் உட்புகும் திறன் பாதிக்கப்பட்டது. பெயின்டையே அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. முன்தயாரிப்பையும் பூச்சையும் இரண்டு தனிப் பொருட்களாகப் பிரித்துப் பேசுவதே பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எட்டாத இடமும் கூர்விளிம்பும்

மேலே சொன்ன விடைகள் எல்லாம் படலம் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பவை. படலம் எங்கே இல்லை என்று கேட்பவர்கள் குறைவு. ஆய்விதழ்களில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த இடம் போதாது என்று கருதுகிறேன். 1960களுக்கு முந்தைய கார்கள் உள்ளிருந்து ஓட்டையானது அங்கிருந்த பெயின்டின் ஒட்டுதல் மோசம் என்பதால் அன்று. அங்கே பெயின்டே இல்லை. மின்படிவு முறை கொண்டுவந்த காப்பில் ஒரு பெரும்பங்கு, எந்த மூலக்கூறுக் கொள்கையும் வேண்டாமல், பெயின்ட் அங்கே போய்ச் சேர்ந்தது என்ற ஒற்றைச் செய்தியால் விளங்கிவிடும்.

எதிர்ப்பக்கத்தில் கூர்விளிம்பு இருக்கிறது. படிவின்போது விளிம்பில் மின்புலம் அடர்ந்து பெயின்ட் நன்றாகவே படியும். 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் அடுப்பில் அது உருகி இளகும்போது பரப்பிழுவிசையால் விளிம்பை விட்டு விலகி, அங்கே படலம் மெலிந்துபோகும். உருகுநிலைப் பாகுத்தன்மையைக் கூட்டி இதைத் தடுக்கலாம். அப்போது பரப்பின் வழவழப்பு குறையும். அழகும் காப்பும் நேரடியாக மோதிக்கொள்ளும் இடம் இது. சட்டகங்களையும் பிராக்கெட்டுகளையும் ஆக்சிஜன் துணையோடு லேசரால் வெட்டும் கூடங்களில் இன்னொரு தொல்லையும் சேரும்: வெட்டிய விளிம்பில் தங்கும் ஆக்சைடு, மேலே படிந்த பூச்சோடு சேர்ந்தே உதிர்ந்துவிடுகிறது. பூச்சு கொடுப்பவரைக் குறைசொல்லும் பல தகராறுகளின் வேர் வெட்டுமேசையில் இருக்கலாம்.

பூச்சின் தோற்றத்துக்கும் எல்லை உண்டு. துத்தநாகம் பூசிய தகட்டில் மின்னழுத்தம் கூடினால் ஹைட்ரஜன் குமிழிகளில் மின்பொறி உண்டாகிச் சிறுகுழிகள் விழும். நறுமண வளையமுள்ள எபாக்சி வெயிலில் வெளுத்துப் பொடியாகும். எனவே வெளிப்பரப்பில் அதன்மேல் வேறு பூச்சு தேவை. வெயில் தாங்கும் அக்ரிலிக் மின்படிவுப் பூச்சுகள் உண்டு. அரிப்பைத் தாங்குவதில் அவை பொதுவாக எபாக்சிக்குப் பின்னால்தான்.

சோதனை எதைச் சொல்கிறது

எந்த விடை சரி என்று தீர்மானிக்க வேண்டிய சோதனைகளே விவாதத்துக்கு உரியவை. 1939இல் வெளிவந்த ஏ.எஸ்.டி.எம். பி117 உப்புத்தெளிப்பு முறை, 5 சதவீத உப்புநீரை 35 டிகிரியில் இடைவிடாமல் தெளிக்கிறது. ஆயிரம் மணி நேரம் தாங்கியது என்ற வாசகம் இன்றும் கொள்முதல் ஆணைகளில் இடம்பெறுகிறது. ஆனால் உண்மை வாழ்வில் பொருள் நனையும், காயும், மறுபடி நனையும். காயும்போது துத்தநாகத்தின்மேல் உண்டாகும் காப்பான கார்பனேட் படலம் உப்புத்தெளிப்பு அறையில் உண்டாவதற்கு வாய்ப்பில்லை. அதனால் துத்தநாகத் தகட்டை அந்தச் சோதனை தகுதிக்குக் கீழே மதிப்பிடுகிறது. நனைத்தலும் காய்தலும் மாறிமாறி வரும் எஸ்.ஏ.இ. ஜே2334 போன்ற முறைகள் இதைச் சீராக்க எழுந்தவை. மெய்யான கடற்காற்றில் தகடுகளை வைத்துப் பார்க்கும் நிலையங்களும் உண்டு. காரைக்குடி நிறுவனம் மண்டபத்தில் நடத்துவது அத்தகையது.

சாலையிலிருந்து கிடைக்கும் சான்றிலும் ஒரு சிக்கல். 1970களின் கார்களைவிட 1990களின் கார்கள் குறைவாகத் துருப்பிடித்தன என்பதில் ஐயமில்லை. அந்தப் பெருமையைக் கேத்தோடுப் பூச்சுக்கே கொடுக்க முடியுமா? அதே ஆண்டுகளில்தான் துத்தநாகம் பூசிய தகடும் பரவியது. போர்ஷே 1970களின் நடுவிலும் ஔடி 1980களின் நடுவிலும் உடற்கூட்டுக்கே அதைப் பயன்படுத்தத் தொடங்கின. பெட்டியறைக்குள் மெழுகு தெளிப்பதும், நீர் வடியும் வடிவமைப்பும் கூடவே வந்தன. இவற்றின் பங்கைத் தனித்தனியே பிரித்துக் காட்டுவது சாலைத் தரவிலிருந்து மிகக் கடினம்.

திறந்திருக்கும் கேள்விகள்

படலம் நீரை நிறுத்துவதில்லை என்பது முடிந்த விவாதம். அயனிகளைத் தடுப்பதும் காரத்தில் ஒட்டுதலை விடாதிருப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியிடும் விடைகள் அல்ல, ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள் என்ற நிலைப்பாட்டின் பக்கம் சான்றுகள் சாய்கின்றன. எந்தப் பொருளில் எது முந்தும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் இன்னும் குறைவே.

அடுப்பின் வெப்பத்தைக் குறைக்கும் முயற்சி இந்தக் குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. அலுமினியமும் பசையும் கனமான வார்ப்புகளும் கலந்த மின்வாகனங்களில் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் 170 டிகிரியை எட்டுவதில்லை. குறைந்த வெப்பத்தில் வேகும் படலத்தில் பிணைப்பு அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுமானால், மெய்னும் மெய்ட்லாண்டும் கண்ட பலவீனப் பகுதிகள் திரும்பவும் தோன்றலாம். பிணைப்பை விரைவுபடுத்திய வெள்ளீயச் சேர்மங்களுக்கும், எபாக்சியின் மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ-வுக்கும் உடல்நலக் காரணங்களால் எதிர்ப்பு வளர்ந்துவருகிறது. வெள்ளீயத்துக்கு மாற்று கிடைத்துவிட்டது. எபாக்சிக்கு நிகராகக் காரத்தைத் தாங்கும் வேறொரு பிசின், அதே விலையில், பெரிய அளவில் வந்து நிலைகொள்ளவில்லை.

சிர்கோனிய முன்தயாரிப்பின் நீண்டகாலக் காப்பு இன்னொரு திறந்த கேள்வி. சுழற்சிச் சோதனைகளில் அது பாஸ்பேட்டுக்கு இணையாக நிற்பதாகப் பல முடிவுகள் காட்டுகின்றன. எனினும் அந்தச் சோதனைகளின் கால அளவு மாதங்களில் இருக்கிறது. பாஸ்பேட்டுக்குப் பின்னால் பல பத்தாண்டுச் சாலை அனுபவம் நிற்கிறது. சிர்கோனியம் இட்ட முதல் தலைமுறை வாகனங்களுக்கு இப்போதுதான் வயதேறி வருகிறது. அவற்றின் பெட்டியறைகளை வெட்டித் திறந்து, படலத்தின் தடிமனையும் உரிதலின் நீளத்தையும் ஊர்வாரியாக, உப்பும் ஈரமும் பிரித்துப் பதிவு செய்த தரவு போதுமான அளவு சேரும்வரை, இரண்டும் சமம் என்ற கூற்றை ஆய்வக முடிவாகவே கொள்ள வேண்டும்.